குழந்தையின் தொடர்புத் திறனைப் பேச்சுப் பயிற்சி வளர்ப்பது எப்படி: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, தாகம் எடுத்தால் குவளையைச் சுட்டிக்காட்டி, தாயின் முகத்தைத் திரும்பிப் பார்த்து, "ம்ம், ம்ம்" என்று ஒலி எழுப்புகிறது. இதுவரை நான்கைந்து சொற்கள்தான் பேசியிருக்கிறது. அதே வயதுடைய இன்னொரு குழந்தை கைப்பேசியில் கேட்ட பாடல்களை அடி பிசகாமல் பாடுகிறது, எண்களை வரிசையாகச் சொல்கிறது. ஆனால் தாகம் எடுத்தால் யாரிடமும் கேட்பதில்லை, அழ மட்டுமே செய்கிறது. இவர்களில் யாருக்கு உதவி தேவை என்று கேட்டால், பலரும் முதல் குழந்தையைத்தான் காட்டுவார்கள். பேச்சுப் பயிற்சியாளர் இரண்டு குழந்தைகளையுமே பார்க்க விரும்புவார்; ஆனால் அவருக்குக் கூடுதல் கவலை தருவது இரண்டாவது குழந்தைதான். சொல் இல்லாவிட்டாலும் முதல் குழந்தை இன்னொரு மனிதரிடம் தன் மனத்தைத் தெரிவித்துவிட்டது. இரண்டாவது குழந்தையிடம் சொற்கள் இருக்கின்றன, அவற்றைக் கொண்டு இன்னொருவரை அடையும் வழி இன்னும் பிடிபடவில்லை.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், பேச்சுப் பயிற்சி எதைச் செய்கிறது என்பதில் பாதி தெளிந்துவிடும். வாயைத் திறந்து சொல்ல வைப்பதைக் காட்டிலும், சொல்ல வேண்டிய காரணத்தையும் சொல்வதற்கான வாய்ப்பையும் குழந்தையைச் சுற்றி உருவாக்குவதே அதன் பெரும்பகுதி வேலை. அந்த வேலையில் பெற்றோரின் பங்கு பயிற்சியாளரின் பங்கைவிடப் பெரியது என்பதால், இந்த வழிகாட்டி அவர்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது.

படி 1: பேச்சு, மொழி, தொடர்பு ஆகிய மூன்றையும் பிரித்துப் பாருங்கள்

"குழந்தை பேசவில்லை" என்ற ஒரே வாக்கியத்துக்குள் வெவ்வேறு சிக்கல்கள் ஒளிந்திருக்கும். பேச்சு என்பது நாக்கு, உதடு, அண்ணம், குரல்வளை, மூச்சு ஆகியவை சேர்ந்து ஒலிகளை உருவாக்கும் செயல். மொழி என்பது சொற்களின் பொருளும் அவற்றைக் கோக்கும் விதிகளும். இதில் புரிந்துகொள்ளும் திறன் ஒன்று, வெளிப்படுத்தும் திறன் மற்றொன்று. தொடர்பு என்பது பார்வை, சைகை, முகபாவம், முறை மாறி முறை உரையாடுதல் அனைத்தையும் உள்ளடக்கியது.

"மரம்" என்பதை "மயம்" என்று சொல்லும் குழந்தைக்குப் பேச்சொலியில் கவனம் தேவைப்படலாம். "செருப்பை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வை" என்பது நான்கு வயதிலும் புரியாத குழந்தைக்கு மொழியில் உதவி வேண்டும். எல்லாம் சரியாகச் சொல்லியும் எதிரில் இருப்பவர் கேட்கிறாரா என்று பாராமல் ஒரே விஷயத்தைப் பேசிக்கொண்டே போகும் குழந்தைக்குத் தொடர்பில் வழிகாட்டல் வேண்டும். உங்கள் குழந்தையின் சிக்கல் இந்த மூன்றில் எங்கே இருக்கிறது என்பதை ஒரு வாரம் கவனித்து எழுதிவைத்தால், பயிற்சியாளரிடம் முதல் நாளே பயனுள்ள தகவலுடன் செல்லலாம்.

படி 2: வயதை ஒட்டிய அறிகுறிகளைக் கவனியுங்கள்

குழந்தைகள் எல்லோரும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. இருந்தாலும் பெரும்பாலான குழந்தைகள் செல்லும் பாதை ஒன்று உண்டு. இரண்டு மூன்று மாதங்களில் கொஞ்சொலி வரும். ஆறு முதல் பத்து மாதங்களுக்குள் "பாபாபா", "மாமாமா" என்ற அடுக்கொலிகள் தோன்றும். ஓராண்டை ஒட்டி விரலால் சுட்டிக்காட்டுதலும் முதல் சொல்லும் வரும். இரண்டு வயதில் பல குழந்தைகள் ஏறத்தாழ 50 சொற்களைப் பேசி, "அம்மா வா", "பந்து தா" என இரு சொற்களை இணைக்கத் தொடங்கும். மூன்று வயதில் வெளியாட்களுக்கும் பேச்சில் பெரும்பகுதி புரிய வேண்டும்.

இவற்றில் சுட்டிக்காட்டுதலுக்கு நான் தனி முக்கியத்துவம் தருவேன். வானத்தில் பறக்கும் பறவையைக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் குழந்தை, "நான் பார்ப்பதை நீயும் பார்" என்று சொல்கிறது. இருவர் கவனமும் ஒரே பொருளில் கூடும் அந்தக் கணத்தில்தான் சொல்லும் பொருளும் ஒட்டிக்கொள்கின்றன. முதல் சொல் தாமதமாவதைக் காட்டிலும் இந்தக் கூட்டுக் கவனம் தாமதமாவது கூடுதலாகக் கவனிக்கப்பட வேண்டியது.

12 மாதத்தில் அடுக்கொலியோ சுட்டுதலோ இல்லாமை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாமை, 24 மாதத்தில் தானாக இரு சொற்களை இணைக்காமை ஆகியவை காத்திருக்காமல் மதிப்பீட்டுக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள். எந்த வயதிலானாலும், ஏற்கெனவே பேசிய சொற்களையோ பழகிய திறன்களையோ குழந்தை இழந்தால் உடனடியாக மருத்துவரைக் காண வேண்டும்.

"ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான்", "இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினார்" என்ற ஆறுதல்கள் அன்பினால் சொல்லப்படுபவை. சராசரியாகப் பெண் குழந்தைகள் சற்று முந்துவது உண்மைதான். ஆனால் அந்த வேறுபாடு சிறியது, இரண்டு வயதில் சொற்களே இல்லாமலிருப்பதை அது விளக்காது. தாமதமாகப் பேசத் தொடங்கும் குழந்தைகளில் பலர் பின்னர் தாமாகவே எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். ஆனால் அவர்களில் உங்கள் குழந்தையும் ஒன்றா என்பதை இரண்டு வயதில் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மதிப்பீட்டுக்குப் போய், எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்து திரும்புவதால் இழப்பு ஒன்றுமில்லை. காத்திருந்து கழியும் ஓராண்டோ திரும்பக் கிடைக்காது.

படி 3: முதலில் காதைச் சோதியுங்கள்

பேச்சு தாமதமாகும் எந்தக் குழந்தைக்கும் கேட்புத்திறன் சோதனை செய்யாமல் பயிற்சியைத் தொடங்கக் கூடாது. "கதவு சாத்தினால் திரும்பிப் பார்க்கிறது, காது நன்றாகத்தான் கேட்கிறது" என்று பெற்றோர் சொல்வது இயல்பு. கேட்புக் குறைபாடு எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. கதவின் தடார் சத்தம் போன்ற தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் குழந்தை, "ஸ" போன்ற உயர்ந்த அதிர்வெண் ஒலிகளைக் கேட்காமலிருக்கலாம். அக்குழந்தைக்குப் பேச்சு என்பது பாதி எழுத்துகள் அழிந்த பக்கத்தைப் படிப்பதைப் போன்றது.

சிறு குழந்தைகளுக்கு ஓஏஇ (ஒலிக்கு உட்காது தரும் எதிரொலியை அளப்பது), பெரா (ஒலிக்குக் காது நரம்பும் மூளைத்தண்டும் தரும் பதிலைப் பதிவு செய்வது) ஆகிய சோதனைகளைத் தூக்கத்திலேயே செய்துவிடலாம். குழந்தை எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, வலியும் இல்லை. பிறந்த ஒரு மாதத்துக்குள் முதற்கட்டச் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறைபாட்டை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் காதுக் கருவி உள்ளிட்ட உதவியைத் தொடங்குதல் என்பது கேட்பியல் துறை பின்பற்றும் 1-3-6 இலக்கு. பிறந்தபோது சோதனையில் தேறிய குழந்தைக்கும் பிற்பாடு குறைபாடு வரலாம். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னே நீர் தேங்கிச் சில காலம் கேட்பு மங்குவது வெகு சாதாரணம். வலி இல்லாததால் வீட்டில் யாருக்கும் அது தெரிவதே இல்லை.

படி 4: மதிப்பீட்டை அவசரப்படுத்தாதீர்கள்

நல்ல மதிப்பீடு ஒரு வினாத்தாளுடன் முடிவதில்லை. பயிற்சியாளர் கர்ப்ப காலம் முதல் இன்றுவரையான வளர்ச்சி வரலாற்றைக் கேட்பார். தரையில் அமர்ந்து குழந்தையுடன் விளையாடுவார். நீங்கள் குழந்தையுடன் விளையாடும்போது விலகி நின்று பார்ப்பார். உதடு, நாக்கு, அண்ணம் ஆகியவற்றின் அமைப்பையும் அசைவையும் ஆராய்வார். குழந்தையின் இயல்பான பேச்சைப் பதிவு செய்து எத்தனை சொற்கள், எத்தகைய சொற்கள், எப்படி இணைக்கப்படுகின்றன என்று கணக்கிடுவார். வீட்டில் எடுத்த இரண்டு மூன்று காணொளிகளை உடன் எடுத்துச் செல்லுங்கள். புதிய இடத்தில் வாயே திறக்காத குழந்தைகளுக்கு அவையே நியாயமான சாட்சி.

"நாக்கு ஒட்டியிருக்கிறது, அதை வெட்டிவிட்டால் பேசிவிடும்" என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நாக்கின் அடிச்சவ்வு குட்டையாக இருப்பது சில பச்சிளங்குழந்தைகளுக்குப் பால் குடிப்பதில் சிரமம் தரலாம். ஆனால் சொற்களே வராமலிருப்பதற்கு அது காரணமாவதில்லை. அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் பேச்சுப் பயிற்சியாளரின் கருத்தையும் கேளுங்கள்.

வீட்டில் இரண்டு மொழி பேசப்பட்டால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். இரு மொழிச் சூழல் பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. இரு மொழிகளிலும் உள்ள சொற்களைச் சேர்த்தே எண்ண வேண்டும். பேச்சு தாமதமாகிறது என்பதற்காகத் தாய்மொழியைக் கைவிட்டுப் பள்ளி மொழியிலேயே பேசும்படி எவரேனும் அறிவுறுத்தினால், அதை ஏற்க வேண்டாம் என்றே சொல்வேன். தமக்கு இயல்பாக வராத மொழியில் பேசும் பெற்றோர் குறைவாகப் பேசுகிறார்கள், கொஞ்சலும் கதையும் வறண்டுபோகின்றன.

மதிப்பீட்டின் முடிவில் ஒரு பெயர் கிடைக்கலாம்: ஒலிப்புக் குறைபாடு, திக்குதல், ஆட்டிசம் சார்ந்த தொடர்புச் சிக்கல் என. கேட்பும் அறிவுத்திறனும் சரியாக இருந்தும் மொழி மட்டும் நீடித்துப் பின்தங்கும் நிலைக்கு வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்று பெயர். பள்ளி வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ 100 பேரில் 7 பேருக்கு இது உண்டு என்றாலும், வெளியே தெரியாததால் சோம்பல், கவனமின்மை என்ற பழியை அவர்கள் சுமக்கிறார்கள்.

படி 5: அளக்கக்கூடிய இலக்கைக் கேட்டுப் பெறுங்கள்

"பேச வைப்பது" என்பது விருப்பம். அதை இலக்கு என்று சொல்ல முடியாது. "விளையாட்டு நேரத்தில் 10 வாய்ப்புகளில் 8 முறை, யாரும் சொல்லிக்கொடுக்காமல், தனக்கு வேண்டியதை ஒரு சொல்லாலோ சைகையாலோ கேட்கும்" என்பதே இலக்கு. அது வந்துவிட்டதா இல்லையா என்று நீங்களே பார்த்துச் சொல்ல முடியும். இரண்டு மூன்று இலக்குகளுக்கு மேல் ஒரே நேரத்தில் வேண்டாம்.

படி 6: பயிற்சி அறையில் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

முதன்முறை பார்க்கும் பெற்றோர் பலர், "இவர் வெறுமனே விளையாடிக்கொண்டிருக்கிறாரே" என்று ஏமாற்றம் கொள்கிறார்கள். அந்த விளையாட்டு முழுவதும் திட்டமிடப்பட்டது. குமிழி ஊதும் குப்பியை மூடி, குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு அவர் காத்திருக்கிறார். குழந்தையால் திறக்க முடியாது, உதவி கேட்டாக வேண்டும். பார்வையோ, கை நீட்டலோ, "ஆ" என்ற ஒலியோ, எது வந்தாலும் அதை ஏற்று, "திற" என்று சொல்லித் திறக்கிறார். அரை மணி நேரத்தில் இப்படிப்பட்ட வாய்ப்புகளை டஜன் கணக்கில் அவர் உருவாக்கியிருப்பார்.

ஒலிப்புப் பயிற்சியின் முறை வேறு. சார்லஸ் வான் ரைப்பர் என்ற அமெரிக்கப் பேச்சியல் அறிஞர் 1930களில் வகுத்த வரிசை இன்றும் பயன்படுகிறது: முதலில் ஒலியைக் காதால் பிரித்தறிதல், பின்னர் அதைத் தனியாக ஒலித்தல், அடுத்து அசையில், சொல்லில், வாக்கியத்தில், இறுதியாக உரையாடலில். பயிற்சி அறையில் தெளிவாகச் சொல்லும் குழந்தை வீட்டுக்கு வந்ததும் பழையபடி பேசுவது இந்த ஏணியின் மேற்படிகள் இன்னும் பாக்கி என்பதைக் காட்டுகிறது.

ககரத்தைத் தகரமாக ஒலிக்கும் குழந்தை காக்காவைத் "தாத்தா" என்கிறது. இங்கே குறை ஒரே ஒலியில் நிற்காது. நாக்கின் பின்பகுதியில் பிறக்கும் ஒலியை முன்பகுதிக்குக் கொண்டுவரும் பழக்கம் எல்லாச் சொற்களிலும் தொடரும். காக்காவின் படத்தையும் தாத்தாவின் படத்தையும் எதிரெதிரே வைத்து, குழந்தை சொன்ன படத்தையே பயிற்சியாளர் எடுத்துக் கொடுப்பார். காக்கா கேட்டுத் தாத்தா கிடைத்ததும், ஒலி மாறினால் பொருளும் மாறும் என்பது குழந்தைக்கே உறைக்கிறது. காய், தாய் போன்ற ஓரொலி வேறுபாட்டுச் சொற்கள் நம் மொழியில் நிறையவே உண்டு. ழகரத்துக்காக மட்டும் நான்கு வயதுக் குழந்தையை வதைக்க வேண்டாம். பெரியவர்களில் பலரே அதை ளகரமாகத்தான் பேசுகிறார்கள், ரகரமும் ழகரமும் தாமதமாகவே படியும்.

விசில் ஊதுதல், நாக்கை நீட்டி மடக்குதல், கன்னத்தை உப்புதல் ஆகியவற்றால் மட்டுமே நிறைந்த பயிற்சி நேரத்தைக் கண்டால் காரணம் கேளுங்கள். ஒலியே எழுப்பாத இத்தகைய வாய்ப்பயிற்சிகள் பேச்சொலியைத் திருத்துகின்றன என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. பேச்சு, பேசிப் பழகுவதால்தான் வருகிறது.

திக்குதல் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் தொடங்குகிறது. ஏறத்தாழ 5 விழுக்காட்டுக் குழந்தைகள் இதனூடாகக் கடந்து செல்கிறார்கள், பெரும்பாலோர் மீள்கிறார்கள். குடும்பத்தில் நீடித்த திக்குதல் இருந்தாலோ, ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்தாலோ, பேசும்போது முகத்தில் இறுக்கம் தெரிந்தாலோ உதவியை நாட வேண்டும். சிட்னியில் உருவான லிட்கோம்ப் முறையில் பெற்றோரே பயிற்றுநர்: திக்காமல் வந்த பேச்சை அன்றாடம் சிறிது நேரம் இதமாகப் பாராட்டுவதே அதன் மையம், வாராவாரம் பயிற்சியாளர் அவர்களுக்கு வழிகாட்டுவார். "மூச்சை இழுத்துவிட்டு மெதுவாகப் பேசு" என்று கண்டிப்பதைக் காட்டிலும், நீங்கள் மெதுவாகப் பேசுவதும், குறுக்கிடாமல் முழுவதையும் கேட்பதும் குழந்தைக்கு உதவும்.

சில குழந்தைகளுக்குப் படஅட்டை, சைகை, தொட்டால் குரல் தரும் கருவி ஆகியவை பரிந்துரைக்கப்படும். "படத்தைக் காட்டிப் பழகிவிட்டால் பேசவே மாட்டானே" என்ற அச்சம் எனக்கு நன்றாகப் புரிகிறது. 2006இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்றில், நம்பகமான தரவுகள் இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூட இத்தகைய உதவிகளால் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கூடியது. தான் சொல்ல நினைத்தது இன்னொருவருக்குப் புரிகிறது என்ற அனுபவம் கிடைத்த குழந்தை, அதற்கு மேலும் எளிய வழியைத் தேடும். பேச்சைவிட எளிய வழி வேறில்லை.

படி 7: வீட்டை மாற்றுங்கள்

ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. பயிற்சி அறையில் குழந்தை இருப்பது அதில் ஒன்றோ இரண்டோ. எனவே பயிற்சியாளர் குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பதைவிட, உங்களுக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறார் என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. அறைக்கு வெளியே நாற்காலியில் காத்திருக்காமல் உள்ளே அமர அனுமதி கேளுங்கள்.

முதலில் பழக வேண்டியது காத்திருத்தல். குழந்தையின் கண் மட்டத்துக்குக் குனிந்து, அது எதைப் பார்க்கிறது என்று கவனித்து, ஏதாவது சொன்னபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். இது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். மௌனத்தை நிரப்பும் ஆவல் பெரியவர்களுக்கு அத்தனை வலுவானது. பல குழந்தைகள் சில நொடிகள் கழித்துத்தான் பதில் தருகின்றன. அதற்குள் நாம் அடுத்த கேள்விக்குப் போய்விடுவதால், குழந்தையின் முறை வராமலே உரையாடல் முடிந்துவிடுகிறது.

அடுத்தது, கேள்விகளைக் குறைத்தல். "இது என்ன? இது என்ன நிறம்? மாமாவுக்குச் சொல்லிக் காட்டு" என்று அடுக்குவது தேர்வு நடத்துவதாகுமே தவிர, அதில் பகிர்வு இல்லை. மாறாக நடப்பதைச் சொல்லுங்கள். குளிக்கும்போது "தண்ணீர் ஊத்தறேன், தலையில ஊத்தறேன், சூடா இருக்கு" என்று சிறு சிறு வாக்கியங்களாக, ஒரே சொல் பலமுறை வரும்படி பேசலாம். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றியே பேசுங்கள். குழந்தை சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போது வண்டியின் நிறத்தைக் கற்பிக்க முயல வேண்டாம், "சுத்துது, சுத்துது, நின்னுடுச்சு" என்பது போதும்.

மூன்றாவது, விரித்துத் திருப்பித் தருதல். குழந்தை "நாய் போச்சு" என்றால் "ஆமா, நாய் ஓடிப் போச்சு, கறுப்பு நாய் ஓடிப் போச்சு" என்று சொல்லுங்கள். குழந்தை சொன்னதைவிட ஓரிரு சொற்களே கூடுதலாக இருக்கட்டும். தவறாக ஒலித்த சொல்லையும் இப்படியே சரியான வடிவில் திருப்பிச் சொன்னால் போதும். "அப்படிச் சொல்லாதே, இப்படிச் சொல்" என்று நிறுத்தித் திருத்தினால், சொல்ல வந்த விஷயத்தை விட்டுவிட்டு உங்கள் முகத்தையே குழந்தை அஞ்சிப் பார்க்கும்.

நான்காவது, தேவையை முன்கூட்டியே தீர்க்காதிருத்தல். கேட்பதற்கு முன்பே எல்லாம் கைக்கு வந்தால் கேட்க வேண்டிய காரணமில்லை. பிடித்த பொம்மையை எட்டாத உயரத்தில், ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள், வரைவதற்குத் தாளைக் கொடுத்து வண்ணத்தைக் கையில் வைத்திருங்கள், "இதுவா, அதுவா?" என்று இரண்டைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். இதைக் குழந்தையை அழவைக்கும் அளவுக்குக் கொண்டுபோகக் கூடாது. சொன்னால்தான் தருவேன் என்ற பிடிவாதத்தில், பேச்சு ஒரு தண்டனையாக மாறிவிடுகிறது. ஒரு முயற்சி வந்ததும், அது எவ்வளவு சிறியதானாலும், உடனே கொடுத்துவிடுங்கள்.

திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி இரண்டு வயது நிறையும்வரை திரை கூடாது, இரண்டு வயது முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது. திரை குழந்தையின் முறைக்காகக் காத்திருப்பதில்லை, அது சுட்டியதைத் திரும்பிப் பார்ப்பதுமில்லை. யாரும் பாராமல் பின்னணியில் ஓடும் தொலைக்காட்சியும் வீட்டாரின் பேச்சைக் குறைத்துவிடுகிறது.

இவை அனைத்தையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். குளியல், உடை மாற்றுதல், உறங்கும் முன் படப்புத்தகம் ஆகிய மூன்று வேளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் காத்திருத்தலை மட்டும் பழகுங்கள். அது கைவந்தபின் அடுத்ததைச் சேருங்கள். தாத்தா, பாட்டி உள்ளிட்ட வீட்டிலுள்ள எல்லோரும் இதையே செய்வது முக்கியம்.

படி 8: முன்னேற்றத்தைப் பதிவு செய்து, நிறுத்தும் காலத்தையும் திட்டமிடுங்கள்

ஒரு குறிப்பேட்டில் வாரம் ஒருமுறை புதிய சொற்கள், சைகைகள், தானாகத் தொடங்கிய உரையாடல்கள் ஆகியவற்றைத் தேதியுடன் எழுதுங்கள். சொல் எண்ணிக்கை கூடாத வாரங்களிலும், குழந்தை உங்கள் முகத்தைப் பார்ப்பது கூடியிருக்கலாம், எரிச்சல் குறைந்திருக்கலாம், அவையும் முன்னேற்றமே. மூன்று மாதங்கள் ஒழுங்காகச் செய்தும் எந்த அசைவும் இல்லையென்றால், இலக்கையோ முறையையோ மாற்றும்படி பயிற்சியாளரிடம் தயங்காமல் கேளுங்கள். இத்தனை நாளில் சரளமாகப் பேசிவிடும் என்று நாள் குறித்து உறுதி தருபவரை நம்ப வேண்டாம்.

குறித்த இலக்குகள் வீட்டிலும் பள்ளியிலும் விளையாட்டிடத்திலும் ஒரே சீராகத் தெரியத் தொடங்கியதும், வாரத்துக்கு ஒருமுறை என்பது மாதத்துக்கு ஒருமுறையாகி, பின்னர் நிறுத்தப்படும். நிறுத்திய பிறகும் முதல் வகுப்பில் சேர்ந்த ஆண்டு ஒரு மறுமதிப்பீடு செய்துகொள்ளுங்கள். பேச்சில் எட்டிப்பிடித்த குழந்தைகளில் சிலருக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதிலும் கேட்ட கதையைக் கோவையாகத் திருப்பிச் சொல்வதிலும் சிரமம் அப்போதுதான் வெளிப்படும், அதற்கும் பேச்சுப் பயிற்சியாளரே உதவுவார். அன்றைய தினம் அந்தப் பழைய குறிப்பேட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.